போவதா நிற்பதா என்று கேட்டவர்

நான் அவருக்குச் சொன்ன ஆலோசனைகளில் ஒன்றைக்கூட அவர் கேட்டு நடந்ததில்லை. அதுகூடப் பரவாயில்லை. ஒன்றைக்கூட அவர் ஒத்துக்கொண்டதில்லை. போங்கோ என்றால் நிற்பதற்கு நியாயம் சொல்வார். நில்லுங்கோ என்றால் போவதற்கு. கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அவரோடு கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு வந்தால் எனக்குத் தலையிடி வரும்.

இரண்டு பேரும் திருகோணமலையில், பாலையூற்றில் இருந்தோம். இரண்டு பேருக்கும் கண்டி வீதியில், கப்பல்துறைக்குக் கிட்ட ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற வேலை. அவருக்கு மேல் வகுப்புகள், எனக்குக் கீழ் வகுப்புகள். பெற்றோலுக்கு வரிசையில் நின்று காய்ந்த காலத்தில் என்னுடைய மோட்டார்சைக்கிளை வீட்டில் போட்டுவிட்டு அவருடையதில் தொற்றிக்கொள்ளத் தொடங்கினேன். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் மோட்டார்சைக்கிள் ஓடிக்கொண்டே கதைப்பார். கதைப்பது காதில் விழவேண்டும் என்று தலையைத் திருப்பியும் கதைப்பார். முன்னால் சீமெந்து ஏற்றிய லொறி வரும். நான் அவருடைய தோளை அழுத்தி முன்னால் பார்க்கச் சொல்வேன்.

அவரோடு உயர்தரம் படித்த ஒருவர் ஒரு மருந்துக் கம்பனியில் ஏரியா மனேஜராக இருந்தார். திருகோணமலைக்கு ஒரு ரெப் தேவைப்பட்டது. டொக்டர்மாரைச் சந்தித்து, கம்பனியின் மருந்தைப் பற்றி விளங்கப்படுத்தி, அதை எழுதவைப்பதுதான் ரெப்பின் வேலை. “உனக்குத்தான் விளங்கப்படுத்துறது கைவந்த வேலையாச்சே, வாவன்” என்று அவர் கேட்டிருக்கிறார். மறுநாள் காலை ஆண்டாங்குளம் தாண்டும்போது இவர் தலையைத் திருப்பினார்.

“என்ன சொல்லுறியள் சேர், போறதோ?”

“போங்கோ சேர். இஞ்ச வாற சம்பளம் மாசம் பாதிவரைக்கும் காணாது.”

“அது சரி. பென்சன்?”

“அங்கயும் ஏதாவது தருவாங்கள்தானே.”

“தருவாங்கள். டார்கெட் எண்டு ஒண்டும் தருவாங்கள். அதை எட்டாட்டி மாசக் கடைசியில மனேஜர் போனில நிண்டு கத்துவான். இஞ்ச எனக்கு ஆர் கத்துறது?”

“அப்ப நில்லுங்கோ.”

“நிண்டு? போன கிழமை முழுக்க டெங்கு எண்டு பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு நுளம்புக் குடம்பி தேடிக் கான் துப்பரவாக்கினனான். அதுக்கு முதல் விளையாட்டுப்போட்டிக்குக் கூடாரம் கட்டினனான். சுவாசத் தொகுதிப் பாடம் இன்னும் தொடங்கேல்லை. இதுக்கோ நான் பட்டம் எடுத்தது?”

“அப்ப போங்கோ சேர்.”

“போறது லேசு. ஓ.எல் சோதினை எழுதப்போற பிள்ளையளை இடையில விட்டிட்டு எப்பிடிப் போறது?”

பாடசாலை வாசல் வந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு, நான்தான் ஏதோ அவரைக் குழப்பிவிட்டது போல என்னைப் பார்த்தார். இதுதான் முதல் நாள். இதே கதை மாதக்கணக்காக நடந்தது.

இந்தக் கேள்வி என்னோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவர் எல்லாரையும் கேட்டார். அதிபரைக் கேட்டார். சிற்றுண்டிச்சாலையில் ரொட்டி சுடுகிற அக்காவைக் கேட்டார். அந்த அக்கா, “சேர் கழுத்தில ரை கட்டினா நல்லாத்தான் இருக்கும்” என்றார். அதற்கும் இவர், “ரை கட்டிக்கொண்டு இந்த வெயிலில மோட்டார்சைக்கிள் ஓடேலுமோ?” என்று நின்று வாதாடி, ரொட்டியைக் கல்லில் கருகவைத்தார். காய்ச்சலுக்கு மருந்து எடுக்கப் போன இடத்தில் டொக்டரையே கேட்டாராம். ரெப்மார் என்றால் தனக்கு அலுப்பு என்று டொக்டர் சொன்னாராம். உடனே இவர் ரெப்மார் பக்கம் நின்று கதைத்துவிட்டு வந்திருக்கிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை மனைவியோடு சல்லி அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப்பூ என்றால் போவது, சிவப்பு என்றால் நிற்பது. இரண்டையும் இலையில் சுற்றி அம்மனுக்கு முன்னால் வைத்து, அங்கே நின்ற ஒரு சின்னப் பெண்பிள்ளையைக் கொண்டு எடுப்பித்தார்களாம். வெள்ளை வந்தது.

“அப்ப முடிஞ்சுது சேர்” என்றேன் நான். உண்மையிலேயே எனக்குச் சந்தோசமாக இருந்தது.

“எப்பிடி முடிஞ்சது? அந்தப் பிள்ளைக்குக் கிட்ட இருந்தது வெள்ளை. எட்டக் கிடந்தது சிவப்பு. பிள்ளை கிட்ட உள்ளதைத்தானே எடுக்கும். இதை அம்மன் சொன்னதெண்டு என்னண்டு எடுக்கிறது?”

“எட்ட ஏன் வைச்சனீங்கள்?”

“நான் வைக்கேல்லை. ஐயர் வைச்சவர்.”

அம்மனோடேயே வாதாடுகிற மனிதருக்கு நான் எந்த மூலைக்கு என்று அன்றைக்கு நினைத்தேன்.

அவருடைய வகுப்பு என்னுடைய வகுப்புக்கு அடுத்தது. நடுவில் அரைச்சுவர்தான். எனவே அவர் படிப்பிப்பதை நான் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கேட்டாகவேண்டும். அங்கேயும் இதே ஆள்தான்.

“தாவரம் உணவு தயாரிக்க என்னென்ன வேணும்?” என்று கேட்பார்.

“சூரிய ஒளி சேர்” என்று ஒரு பிள்ளை தொடங்கும்.

“அப்ப ஒரு அறையில லைட்டைப் போட்டு, அதுக்குக் கீழ செடியை வைச்சா அது செத்துப்போகுமோ?”

“சாகாது சேர். வெளிச்சம் எண்டாக் காணும்.”

“அப்ப ஏன் சூரியனைச் சொன்னனீர்?”

“புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்கு சேர்.”

“புத்தகம் பிழையோ, நீர் பிழையோ?”

வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை பிடிக்கும். ஒரு பக்கம் வெல்லப்போகிறது என்றால் அவர் மற்றப் பக்கம் தாவுவார். கப்பல்துறையில் இருந்து வருகிற ஒரு பெண்பிள்ளை, ஒருநாள் பாடம் முழுக்க எழுந்து நின்று அவரோடு மல்லுக்கட்டியது. மணி அடித்தும் உட்காரவில்லை. அவர் சட்டை நனைந்து ஆசிரியர் அறைக்கு வந்தார். கதிரையில் விழுந்து, “அந்தப் பிள்ளை என்னை மடக்கிப்போட்டுது சேர். எனக்கு மறுமொழி வரேல்லை” என்றார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் கண்டது குறைவு. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. என்னுடைய வகுப்பில் பிள்ளைகள் எழுந்து நிற்பது வெளியே போக அனுமதி கேட்கத்தான்.

ஆனால் பாடத்திட்டம் முடிகிறதா? முடியாது. பெற்றோர் வந்து அதிபர் அறையில் இருப்பார்கள். “மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் கொப்பி நிறைய நோட்ஸ் வைச்சிருக்குதுகள். எங்கட பிள்ளையின்ர கொப்பியில கேள்விதான் கிடக்கு” என்பார்கள். அதிபர் நல்ல மனிதர்தான், களைத்துப்போனவர். “சேர், கேள்வி கேக்கிறது நல்லம். மறுமொழியையும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோவன்” என்றார். இவர் தலையாட்டினார். அடுத்த பாடத்தில், நோட்ஸ் எழுதினால் விளங்குமா விளங்காதா என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டு நின்றார். வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து மேற்பார்வைக்கு வந்தவர், ‘அலகுகள் பூர்த்தியாகவில்லை’ என்று எழுதிவிட்டுப் போனார். அன்றைக்குத் திரும்பி வரும்போது அவர் தலையைத் திருப்பவே இல்லை. பாலையூற்றில் என்னை இறக்கிவிட்டபோது மட்டும், “போறதுதான் சரிபோல” என்றார். நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் அவர் மாறிவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

மனேஜர் விடுகிறவர் இல்லை. “ஒருநாள் என்னோட வந்து வேலையைப் பார், பிறகு சொல்லு” என்று ஒரு சனிக்கிழமை அவரைக் கூட்டிப்போனார். அன்றைக்குத்தான் என் மகளுக்குக் காய்ச்சல் என்று நானும் நகரத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். விறாந்தையில் நோயாளிகளுக்கு நடுவில் ரை கட்டிக்கொண்டு, கறுப்புப் பையை மடியில் வைத்தபடி இவர் இருந்தார். என்னைக் கண்டதும் ரையைக் கையால் மறைத்தார். உள்ளே என்ன நடந்தது என்று திங்கட்கிழமை மோட்டார்சைக்கிளில் சொன்னார்.

மருந்து பிரஷருக்குரியது. பழைய மருந்தைவிட இது என்ன திறம் என்று டொக்டர் கேட்டிருக்கிறார். இவர் அழகாகச் சொல்லியிருக்கிறார். “அப்ப இனி இதைத்தான் எழுதவேணும் எண்டுறியள்?” என்று டொக்டர் கேட்டாராம். அங்கே ஓம் என்று சொன்னால் வேலை முடிந்தது.

“அப்பிடியும் சொல்லேலாது டொக்டர். பழைய மருந்தில சுகமா இருக்கிற ஆளுக்கு ஏன் மாத்துவான்?” என்றிருக்கிறார் இவர்.

மனேஜர் பக்கத்தில் இருந்து சப்பாத்தால் இவருடைய காலை மிதித்தாராம். டொக்டர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தாராம். பிறகு, யாருக்கு மாற்றலாம் யாருக்கு மாற்றக்கூடாது என்று இரண்டு பேரும் கதைத்த கதையில், வெளியே இருந்த நோயாளிகள் வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். படி இறங்கும்போது மனேஜர் வாய்க்கு வந்தபடி ஏசினாராம்.

ஆனால் அதே மனேஜர் அடுத்த கிழமை இவருக்குப் போன் எடுத்தார். அந்த டொக்டர் புதிதாக வருகிற ஆட்களுக்கு இந்த மருந்தைத்தான் எழுதுகிறாராம். இத்தனை காலமாக அந்த அறையில் எந்த ரெப்புக்கும் கதிரை கொடுத்து இருத்தியதில்லையாம். நீ வந்தே ஆகவேணும், மாத முடிவுக்குள் சொல் என்றார்.

“இனி என்ன சேர்? கும்பிட்டுக் கூப்பிடுறாங்கள்” என்றேன்.

“அவர் ஒரு டொக்டர். மற்ற டொக்டர்மாருக்கு நான் இப்பிடிக் கதைச்சா ரெண்டாந்தரம் உள்ளுக்கு விடுவினமோ?”

“அப்ப அவையளுக்கு வேற மாதிரிக் கதையுங்கோ.”

“எனக்கு வேற மாதிரிக் கதைக்க வராது சேர். அதுதான் பிரச்சினையே.”

அந்த ஒரு இடத்தில் அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அது ஒரு இடம்தான். மற்றதெல்லாம் எரிச்சல்.

அந்த மாதத்தில் ஒரு பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி தபால் கந்தோரில் வேலை. சத்தமாகக் கதைக்காத மனுசி. தேத்தண்ணி தந்துவிட்டு, நான் வெளிக்கிடும்போது படலைவரைக்கும் வந்தார்.

“அண்ணா, குறை நினைக்கக்கூடாது. இனி அவருக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ.”

“நான் என்ன சொன்னனான்?”

“போகச் சொன்னா, அதுக்கு எதிரா என்னட்டக் கதைப்பார். நிக்கச் சொன்னா, அதுக்கு எதிராயும் என்னட்டத்தான். எனக்கு ஏலாது அண்ணா. அவர் போனாலும் சரி, நிண்டாலும் சரி. வீட்டில இந்தக் கதை நிண்டாக் காணும்.”

நான் சொல்வதை நிறுத்தினேன். அடுத்த நாள் கேட்டார், தெரியாது சேர் என்றேன். ஒரு பேச்சுக்காவது சொல்லுங்கோ என்றார், தெரியாது என்றேன். ஓடிக்கொண்டிருந்தவர், வீதி ஓரத்தில் கடற்குடாவின் தண்ணீர் தெரிகிற ஓர் இடத்தில் மோட்டார்சைக்கிளை நிறுத்தினார். எஞ்சினை நிறுத்திவிட்டு முழுதாகத் திரும்பினார்.

“என்னில கோவமோ?”

“ஓம், கோவம்தான்” என்றேன். அதுவரை அடக்கிவைத்தது எல்லாம் வந்துவிட்டது. “நீங்கள் ஆலோசனையோ கேக்கிறியள்? எதிர்த்துக் கதைக்க ஒராள் தேடுறியள். நான் என்ன சொன்னாலும் அதுக்கு மற்றப் பக்கம் ஒண்டு உங்களிட்ட இருக்கு. அப்ப என்னத்துக்கு என்னைக் கேக்கிறியள்? பிள்ளையள் பாவம், உங்கட மனுசி பாவம், அந்த மனேஜரும் பாவம். ஒண்டில போங்கோ, இல்லாட்டி இருங்கோ. எனக்குக் காலமை எழும்பேக்கையே இந்தக் கதை நினைவில வருது.”

அவர் கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கோபிக்கவில்லை. ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்தார். பிறகு மோட்டார்சைக்கிளை ஸ்ரார்ட் செய்தார்.

அதற்குப் பிறகு அவர் என்னைக் கேட்கவில்லை. வீட்டிலும் கேட்கவில்லை என்று மனைவி சொன்னார். மாதம் முடிந்தது. மனேஜர் அழைத்தபோது இவர் போனை எடுக்கவில்லை. நான் முதலில், மனிதர் நிற்க முடிவெடுத்துவிட்டார் என்று நினைத்தேன். இல்லை. அவர் ஒரு முடிவும் எடுக்கவில்லை. நாள் போய்விட்டது, அவர் இருந்த இடத்தில் இருந்தார். எதிர்த்துக் கதைக்க ஆள் இல்லாமல் அவரால் ஓர் அங்குலம் அசைய முடியவில்லை. முன்னைய தலையிடியைவிட இது எனக்குக் கூடுதல் எரிச்சலைத் தந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனேஜர் நேரே வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். இவர் ஓ.எல் பிள்ளைகள் என்று தொடங்கினார், பாதியில் நிறுத்தினார். மனேஜருக்கு அலுத்துவிட்டது. என் பக்கம் திரும்பி, “நீங்களும் விஞ்ஞானம்தானே? நீங்கள் வாறியளோ?” என்று கேட்டார். விளையாட்டாகத்தான் தொடங்கியிருப்பார். ஆனால் நான் சிரிக்கவில்லை. போவதற்குரிய நியாயங்கள் எல்லாம் எனக்குப் பாடமாகியிருந்தன. நிற்பதற்குரியவையும்தான். இத்தனை மாதமாக அவருக்காகக் கேட்டவற்றில் போகிற பக்கம் எனக்குள் கனத்துக் கிடந்தது என்பதை, ஒருவர் நேரே கேட்டபோதுதான் அறிந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அடுத்த நாள் காலை ஆண்டாங்குளம் தாண்டியதும் நான் கேட்டேன்.

“சேர், நான் போகட்டோ?”

பென்சன் வரும், டார்கெட் வரும், பிள்ளைகள் வருவார்கள் என்று காத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் மறுமொழி தயாராக வைத்திருந்தேன்.

“போங்கோ” என்றார்.

“வேற ஒண்டும் சொல்லேல்லையோ?”

“இல்லை. போங்கோ சேர்.”

தலையைத் திருப்பவில்லை. முன்னால் வந்த லொறிக்கு ஒதுங்கி, நேரே பார்த்து ஓடினார். எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. தன்னுடைய ஒரு வேலைக்காக அம்மனைக்கூட விடாமல் வாதாடியவர், எனக்காக ஒரு வசனம் மறுத்துப் பேசவில்லை. நான் போவது அந்தப் பாடசாலைக்கு ஓர் இழப்பே இல்லை என்று அவர் நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். விலகல் கடிதத்தைக் கொடுத்தபோதும் அந்த ஆத்திரம் கூடவே இருந்தது.

இவ்வளவுக்கும் வேலையில் சேரமுன்னர் என்னைத் தயார்படுத்தியது அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் டொக்டராக இருப்பார், நான் ரெப்பாக இருப்பேன். மருந்தைப் பற்றி நான் ஒன்று சொல்ல, அவர் அதற்கு எதிராக ஒன்று கேட்டு என்னைச் சுவரோடு அழுத்துவார். என்னால் ஏலாது என்று எழுந்துபோன நாட்களும் உண்டு. அந்த ஞாயிறுகளுக்குப் பிறகு எந்த டொக்டர் எதைக் கேட்டும் நான் தடுமாறியதில்லை. ஆனாலும் அந்த ‘போங்கோ’ எனக்குச் செமிக்கவில்லை.

என்னுடைய இடத்துக்கு ஆசிரியர் வரவில்லை. கீழ் வகுப்புகளையும் அவருடைய தலையில் கட்டினார்கள் என்று சிற்றுண்டிச்சாலை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். நான் கந்தளாய், மூதூர், கிண்ணியா என்று கறுப்புப் பையோடு ஓடிக்கொண்டிருந்தேன். மாதக் கடைசியில் மனேஜர் போனில் நின்று கத்தினார். மோட்டார்சைக்கிளில் இவர் சொன்னது எல்லாம் சரியாகவே இருந்தது, இரண்டு பக்கமும்.

சில மாதங்களுக்கு முன்னர், நகரத்தில் ஒரு கிளினிக் விறாந்தையில் அவரைக் கண்டேன். மனைவிக்குப் பரிசோதனை என்று கூட்டி வந்திருந்தார். நன்றாக நரைத்துவிட்டது. பக்கத்துக் கதிரையில் வந்திருந்து, வேலை என்ன மாதிரி என்று கேட்டார். நான் அலுப்பைச் சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வருமானத்தைச் சொன்னேன், அதையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒன்றுக்கும் எதிர்க்கதை சொல்லாதது எனக்கு மறுபடி ஆத்திரத்தை ஏற்றியது.

“சேர், ஒண்டு கேக்கட்டோ? அண்டைக்கு ஏன் என்னை ஒரு வார்த்தையில போகச் சொன்னனீங்கள்? வேற ஆரும் கேட்டிருந்தா ஒரு கிழமைக்கு வாதாடியிருப்பியளே.”

அவர் பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்தார். மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் வாதாடியிருந்தா நீங்கள் போயிருக்க மாட்டியள் சேர்” என்றார். “அப்பிடி முடிவெடுக்கேலாமல் நிக்கிறதுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில நான் ஒராள் காணும்.”